போர்டோ கலவை அடித்த மண்ணில் தாமிரம்: கேள்வி பதில்

கம்பம், திராட்சை விவசாயி: அப்பா காலத்திலிருந்தே போர்டோ கலவைதான் அடிக்கிறோம் சார். மண்ணில் தாமிரம் சேர்ந்திருக்குமா?

சேர்ந்துதான் இருக்கும். போர்டோ கலவை என்பது மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த பூஞ்சண மருந்து. ஒரு சதக் கலவை என்றால் 100 லிட்டருக்கு 1 கிலோ மயில்துத்தம். அதில் கால் பங்கு தாமிரம். ஏக்கருக்கு 400 லிட்டர் அடித்தால் 1 கிலோ தாமிரம் இறங்குகிறது. மேல் 15 செ.மீ. மண் ஏக்கருக்குச் சுமார் 900 டன் இருக்கும். ஆக, ஒவ்வொரு தெளிப்புக்கும் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்கு ஏறலாம். இது சிதைந்து போகிற மருந்தும் இல்லை. 1880களில் இந்தக் கலவை பிறந்த பிரான்சின் பழைய தோட்டங்கள் சிலவற்றில் 200 பிபிஎம்மையும் தாண்டிவிட்டது.

அதே ஊர், இன்னொருவர்: என் மண்ணில் மொத்தத் தாமிரம் 140 பிபிஎம் என்று ரிப்போர்ட் வந்தது. கொடி நன்றாகத்தான் இருக்கிறது. பயப்படணுமா?

அந்த எண்ணை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். மொத்தத்தில் பெரும்பகுதியை மண்ணிலுள்ள மக்கு (மக்கிய இலைதழை), களிமண், இரும்பு ஆக்சைடு ஆகியவை பிடித்து வைத்திருக்கும். வேருக்கும் புழுவுக்கும் கிடைப்பது மண்நீரில் கரைந்து நிற்கும் கொஞ்சம்தான். சுண்ணாம்புள்ள மண்ணில், பிஎச் (புளிப்பு-கார அளவு; 7-க்குக் கீழே போனால் புளிப்பு) 7.5-இல், 140 பேசாமல் கிடக்கும். மக்கில்லாத மணல் மண்ணில் பிஎச் 5 என்றால் அதே 140 வேர் நுனியைக் கருக்கிவிடும். இலையோ இரும்புச்சத்துக் குறை போல வெளுக்கும். பிஎச், கரிமக் கார்பன் (மக்கின் அளவைக் காட்டுவது), டிடிபிஏ தாமிரம் (செடிக்குக் கிடைக்கக்கூடிய தாமிரத்தைக் காட்டும் சோதனை) மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

குன்னூர்: தேயிலைக்குக் கொப்புள நோய் மருந்தாகத் தாமிரம் அடிக்கிறோம். எங்கள் மண் புளிப்பு மண் ஆயிற்றே?

தேயிலைக்குப் புளிப்பு வேண்டும். மலை மண்ணின் மக்கு இப்போதைக்குக் காப்பாற்றுகிறது. செடியைப் பிடுங்கிவிட்டுக் காய்கறி போடும் எண்ணம் இருந்தால் முதலில் மண்ணைச் சோதியுங்கள்.

தோட்டத்தில் மண்புழுவே காணோம் அண்ணா.

தாமிரம்தான் காரணம் என்று உடனே சொல்ல முடியாது, ஆனால் சந்தேகப்படலாம். புழு மண்ணைத் தின்கிறது, தோல் வழியாகவும் உறிஞ்சுகிறது. பெரிய புழுக்கள் சாவதற்கு முன்பே குஞ்சு பொரிப்பது குறையும். அப்புறம் ஒன்று: மேலே போட்ட 15 செ.மீ. கணக்கு உழுத மண்ணுக்கு. உழாத தோப்பில் தாமிரம் மேல் 5 செ.மீ.-இலேயே தங்கிவிடும், புழுவின் புழக்கமும் அங்கேதான். அந்த 5 செ.மீ. மண்ணைத் தனியாக எடுத்து அனுப்புங்கள்.

கொடிக்குக் கீழே செம்மறி மேயலாமா?

வேண்டாம்மா. செம்மறியின் ஈரலில் தாமிரம் மாதக்கணக்கில் சேரும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் திடீரென்று கண் மஞ்சளாகி, சிறுநீர் சிவந்து, ஆடு விழுந்துவிடும். புல்லில் ஒட்டிய மருந்தும் மண்ணும்தான் ஆபத்து. வெள்ளாடு இன்னும் கொஞ்சம் தாங்கும்.

அந்த மண்ணில் விளைந்த கீரை?

தாமிரம் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும். நமக்குக் கெடுதல் செய்யும் அளவு இலைக்கு ஏறுவதற்குள் செடியே சுணங்கிவிடும். நன்றாக அலசிச் சாப்பிடுங்கள்.

தாமிரத்தை உறிஞ்சி எடுக்கும் செடி ஏதாவது உண்டா சார்?

விளம்பரத்தை நம்பாதீர்கள். காய்ந்த இலைதழையில் 20 பிபிஎம் என்று வையுங்கள். ஏக்கருக்கு 2 டன் அறுத்தாலும் 40 கிராம்தான் வெளியேறும். ஒரு தெளிப்பில் போட்ட 1 கிலோவை எடுக்க 25 அறுவடை வேண்டும். கலவையின் அளவையும் தடவையையும் குறைப்பதுதான் வழி.