"அவ பாத்துக்குவா": ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா,

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இரண்டாமாண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் குடும்பங்களைப் பற்றி ஆய்வேடு செய்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் வட்டார வள மையத்துக்கு வரும் 15 தாய்மார்களிடம், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த 40 கேள்விப் படிவத்தை நிரப்பிவிட்டேன். கூடப்பிறந்தவர்களையும் சேர்க்கச் சொல்கிறார் வழிகாட்டி. அவர்களைப் பற்றிக் கேட்டால் அம்மாக்கள் "அவளுக்கென்ன, அவ பாத்துக்குவா" என்று முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளிடமே கேட்டால் "ஒண்ணுமில்லக்கா". எப்படிக் கேட்பது?

க., எம்.எஸ்.டபிள்யூ. மாணவி

அன்புள்ள க.,

"அவ பாத்துக்குவா" என்ற பேச்சை அப்படியே எழுதி வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் 40 கேள்விகளைவிட அதில் விஷயம் அதிகம். நம் பக்கத்தில் "பாத்துக்கறது" என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அதுதான், சோறு ஊட்டுவதும் அதுதான், கால் கழுவி விடுவதும், தெருவில் ஓடிப்போனவனைத் தேடிப் பிடித்து வருவதும், "உன் தம்பி ஏன் இப்படி இருக்கான்" என்பவர்களுக்குப் பதில் சொல்வதும் அதுதான். இந்த ஐந்தையும் ஒரே சொல்லில் விட்டுவிட்டால் ஆய்வில் ஒன்றும் மிஞ்சாது. அம்மா அந்தச் சொல்லைச் சொன்னதும், "நேத்து சாயங்காலம் என்னென்ன பாத்துக்கிட்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

பிள்ளைகள் "ஒண்ணுமில்லக்கா" என்பதற்குக் காரணம் உங்கள் கேள்வி. "தம்பியால உனக்குக் கஷ்டமா இருக்கா?" என்றால் பத்து வயதுப் பெண் என்ன சொல்வாள்? ஆமாம் என்றால் தம்பிக்குத் துரோகம், இல்லை என்றால் பொய். உணர்ச்சியைக் கேட்காதீர்கள். நேற்றைய நாளைக் கேளுங்கள்.

அதற்கு 24 புளியங்கொட்டை போதும். தரையில் சாக்பீஸால் ஆறு வட்டம் போடுங்கள்: தூக்கம், பள்ளிக்கூடம், படிப்பு, விளையாட்டு, வீட்டு வேலை, தம்பியோடு. ஒரு கொட்டைக்கு ஒரு மணி நேரம். "நேத்து காலைல எந்திரிச்சதுலேர்ந்து வை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவள் வைத்து முடித்தபின் ஒவ்வொரு வட்டமாகத் தொட்டு "இதுல என்ன பண்ண?" என்று கேளுங்கள். பிசகுவது மூன்று இடத்தில். பள்ளி நாளை மட்டும் வைத்தால் பாதிதான் தெரியும், ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு முறை வைக்கச் சொல்லுங்கள். படித்துக்கொண்டே தம்பியைப் பார்த்த நேரத்தை எந்த வட்டத்தில் வைப்பதென்று பிள்ளை தயங்கும். அந்தக் கொட்டையை இரண்டு வட்டத்துக்கும் நடுவே வைக்கச் சொல்லுங்கள். நடுவே விழும் கொட்டைகள்தான் உங்கள் ஆய்வின் இதயம். மூன்றாவது, பெரியவர் யாராவது எட்டிப் பார்த்தால் கொட்டைகள் இடம் மாறும். முடிந்ததும் பிள்ளையின் முகம் விழாமல் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம் முக்கியம். அம்மா கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்கு எட்டக் கூடாது. வீட்டெதிரில் வேப்பமரத்தடி, பள்ளி வராந்தாவின் கடைசி என்று பாருங்கள். வீட்டுக்குள் என்றால் டிவியை நிறுத்தச் சொல்லி, ஃபேன் சத்தம் பதிவில் எப்படி விழுகிறது என்று ஒரு நிமிடம் சோதித்துவிட்டு ஆரம்பியுங்கள். சின்னப் பிள்ளைக்கு 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஒப்புதல் விஷயத்தில் அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயதுவரை பிள்ளையின் வாய்மொழிச் சம்மதம், அதற்கு மேல் 18 வரை எழுத்துச் சம்மதம் தனியாக வேண்டும். "நீ சொல்றத யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி நீங்கள் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். "உன்னையோ தம்பியையோ யாராவது நோகடிச்சா மட்டும் நான் சொல்லியாகணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 உங்கள் நோட்டில் இருக்கட்டும். நம் பக்கத்தில் பள்ளியை விட்டு நின்ற அக்காமார் கதையில் பால்ய விவாகமும் சேர்ந்தே வரலாம். அதற்கும் தயாராகப் போங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? வள மையத்துக்கு வரும் 15 வீடும் ஏதோ ஒரு வகையில் சமாளிக்கிற வீடுகள். பஸ் இல்லாத ஊர், அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் வீடு, பிள்ளையைத் தூக்கி வர ஆளில்லாத வீடு இவை அந்தப் பட்டியலில் வராது. வீட்டுக்கே போய்ப் பயிற்சி தரும் சிறப்பு ஆசிரியர்களையும் அங்கன்வாடிப் பணியாளர்களையும் கேளுங்கள். பெயரை வாங்காதீர்கள். அவர்களே முதலில் வீட்டில் கேட்டு, சரி என்றவர்களை மட்டும் உங்களிடம் சொல்லட்டும். பராமரிப்பு உதவித்தொகைக்கு விசாரிக்க வந்த ஆபீசர் என்று உங்களை நினைத்துவிட்டால் எல்லாப் பதிலும் அதற்கேற்ப வளையும். இந்தப் பேச்சால் பணம் வரவும் வராது, நிற்கவும் நிற்காது என்று இரண்டு முறை சொல்லுங்கள். 8–12, 13–17, 18க்கு மேல் என மூன்று வயதுப் பிரிவிலும் நான்கைந்து பேர் இருந்தால் போதும். அண்ணன் தம்பிகளையும் விட்டுவிடாதீர்கள். அக்காவை மட்டும் கேட்டால் "பாத்துக்கறது பெண் வேலை" என்பதை நீங்களே முடிவு செய்துவிட்டதாகும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். அம்மா பேசுவதை மொழிபெயர்க்கக் கூடப்பிறந்த பிள்ளையையே உட்கார வைப்பது சுலபம். தயவுசெய்து செய்யாதீர்கள். "என் பொண்ணுக்கு வரன் வரமாட்டேங்குது" என்று அம்மா சொல்வதை அந்தப் பெண்ணே உங்களுக்குச் சொல்ல நேரும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். ஆட்டிசத்துக்கு அரசுத் தமிழில் "புற உலகச் சிந்தனையற்றவர்" என்று ஒரு தொடர் உண்டு. தினமும் தன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் தம்பியைப் பற்றி அந்தத் தொடரை ஒரு அக்காவிடம் சொல்லாதீர்கள். வீட்டில் என்ன சொல்கிறார்களோ அதையே பயன்படுத்தி, பதிவிலும் அப்படியே எழுதுங்கள். "சொந்தத்துல கல்யாணமா?" என்ற கேள்வி உங்கள் படிவத்தில் இருந்தால் அதைப் பிள்ளை முன்னால் கேட்காதீர்கள், அது அம்மா மேல் பழியாக விழும். மொழிபெயர்த்த படிவத்தில் "பாரம்" என்ற சொல் கட்டாயம் இருக்கும், அதற்கு "ஆம்" விழாது. நம் நாட்டிலேயே உருவான நிம்ஹெச் (மனவளர்ச்சிக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம்) குடும்பத் தேவைகள் அட்டவணையைப் பாருங்கள். அதில் கூடப்பிறந்தவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

மாங்காய் அறுவடை தீவிரமாக இருக்கும் மே மாதத்தில் போகாதீர்கள். பெரியவர்கள் தோப்பில் இருப்பார்கள், லீவில் இருக்கும் பிள்ளைகள்தான் முழுநேரமும் பார்த்துக்கொள்வார்கள். லீவு நாள் கணக்கைப் பள்ளி நாள் கணக்கோடு கலந்தால் தவறாகிவிடும்.

ஒரு மணி நேரப் பதிவைத் தமிழில் எழுதியெடுக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஆங்கிலத்தில் மாற்றிவிட்டுக் குறியிடாதீர்கள் (பேச்சைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பெயரிடுவதைத்தான் குறியிடுவது என்கிறேன்). தமிழிலேயே குறியிட்டு, கடைசியில் மேற்கோளை மட்டும் மாற்றுங்கள்.

18 வயதைத் தாண்டிய கூடப்பிறந்தவர்களிடம் மட்டும் "அப்பா அம்மாவுக்குப் பிறகு?" என்று கேட்கலாம். கேட்கும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும்: 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, குறைபாடுள்ளவருக்கு 18 வயதானபின் சட்டப்பூர்வக் காப்பாளருக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்யலாம். பெற்றோர் மட்டுமல்ல, உறவினரும் செய்யலாம். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு எழுந்து வராதீர்கள்.