ஓரம் தூக்கும் வினைல்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் பேக்கரியின் மாருதி ஈகோ வேனுக்கு முழுவதும் பிரிண்ட் செய்த வினைல் ஸ்டிக்கர் படலம் ஒட்டினோம். நான்கே மாதத்தில் கதவுப் பள்ளங்களிலும் பம்பர் ஓரத்திலும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒட்டியவர் வெயில்மேல் பழி போடுகிறார். சரிதானா? – ஈரோடு வாசகர்

வெயில் பட்டால் உரியும் என்றால் தமிழ்நாட்டில் ஒரு வண்டியிலும் வினைல் நிற்காது. எங்கே, எப்படித் தூக்கியிருக்கிறது என்று பாருங்கள். காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

எல்லா ஓரங்களிலும் ஒரே சீராக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்வாங்கி, பசைக் கோடு கறுப்பாகத் தெரிந்தால் படலமே சுருங்கிவிட்டது. அது காலண்டர்டு வினைலாக இருக்கும். உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்துச் செய்யப்படுவதால் சூடு பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். தட்டையான போர்டுக்கும் தட்டையான கன்டெய்னர் பக்கத்துக்கும் அது போதும். வளைவும் பள்ளமும் உள்ள வேனுக்கு ஆகாது. வேனுக்குக் காஸ்ட் வினைல்தான் வேண்டும். திரவமாக ஊற்றிக் காயவைப்பதால் அதில் இழுவை மிச்சமிருக்காது. தடிமன் ஏறத்தாழ 50 மைக்ரான்தான். பிரிண்ட்டைக் காக்க மேலே போடும் கண்ணாடிபோன்ற படலமான லேமினேஷனும் காஸ்ட்டாகவே இருக்கவேண்டும். கீழே காஸ்ட், மேலே மலிவான லேமினேஷன் என்று போட்டால், மேலுள்ளது சுருங்கும்போது கீழுள்ளதையும் சேர்த்து இழுக்கும். செலவைக் குறைக்க நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு இது.

பள்ளத்தில் மட்டும் தூக்கி மற்ற இடம் நன்றாக இருந்தால், படலத்தைப் பள்ளத்தின் மேல் பாலம்போல ஒட்டிவிட்டு, பிறகு சூடுகாட்டி உள்ளே அழுத்தியிருக்கிறார்கள். அப்படி நீட்டிய இடம் திரும்ப எழும். பள்ளத்தின் நடுவில் முதலில் படியவைத்து, அங்கிருந்து வெளிப்புறமாக ஒட்டிவர வேண்டும். முடித்ததும் பள்ளங்கள், வளைவுகள், ஓரங்கள் எல்லாவற்றையும் ஹீட் கன்னால் மறுபடி சூடாக்க வேண்டும். காஸ்ட் படலங்களுக்கு 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை. சரியான எண் அந்தந்தப் படலத்தின் தகவல் தாளில் இருக்கும். கையால் தொட்டு மதிப்பிடக் கூடாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் மற்ற அத்தனை உழைப்பும் வீண்.

கையால் இழுத்தாலே தாள் தாளாகக் கழன்று வந்தால் சுத்தம் போதவில்லை. பாலிஷில் உள்ள சிலிகானும் மெழுகும் பசையைப் பிடிக்கவிடாது. முந்தின நாளே சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, ஒட்டும் முன் 70 பங்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால், 30 பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். அது தானாகக் காயும்வரை விடாமல், உடனே வேறு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கதவின் உள்மடிப்பு, ரப்பர் பீடிங்குக்கு அடியில், சக்கர வளைவின் உட்புறம் ஆகிய மூன்றையும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓரம் முடிகிற இடமும் அதுவே.

பிரிண்ட் எடுத்த அன்றே லேமினேஷன் போட்டுத் தரும்படி வாடிக்கையாளர்கள் அவசரப்படுத்துகிறார்கள். போடலாமா? – மதுரை, ஸ்டிக்கர் கடை உரிமையாளர்

கரைப்பான் கலந்த ஈகோ சால்வென்ட் மையென்றால் கூடாது. குறைந்தது 24 மணி நேரம். கறுப்போ அடர்நீலமோ நிறைந்த டிசைனுக்கு 48 மணி நேரம் விடுங்கள். மை காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் கரைப்பான் படலத்துக்குள் ஊறியே இருக்கும். மேலே மூடிவிட்டால் அது கீழே பசைக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். ஓரம் சுருளும், படலம் அளவுக்கு மீறி நீளும். பிரிண்ட்டை இறுக்கிச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு நாள் ஆயிற்று என்று கணக்கு வைப்பதும் தவறு. காற்றுப் போகும்படி தளர்வாகச் சுருட்டி, செங்குத்தாக நிறுத்துங்கள். தண்ணீரில் கலந்து செய்யும் லேட்டக்ஸ் மையில் இந்தக் காத்திருப்பு இல்லை.

ஒரு மூடிய டெலிவரி வேனுக்கு எத்தனை மீட்டர் வாங்க வேண்டும்? துண்டுகளை எப்படிப் பிரிப்பது? – கோவை வாசகர்

3.7 மீட்டர் நீளமுள்ள வேனை எடுத்துக்கொள்வோம். பிரிண்ட் வினைல் ரோலின் அகலம் பெரும்பாலும் 1.37 மீட்டர். பக்கத்துக்கு மூன்று செங்குத்துத் துண்டுகள், ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் உயரம். ஒரு துண்டு அடுத்ததன்மேல் ஏறும் 25 மில்லிமீட்டர் போக மூன்றும் சேர்ந்து 4 மீட்டருக்குச் சற்று மேல் மூடும். இரு முனையிலும் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் மிச்சம் கிடைக்கும். ஆக இரு பக்கத்துக்கும் 10.8 மீட்டர், பின்கதவுக்கு 2 மீட்டர். சேதாரம் சேர்த்து 15 மீட்டர் வாங்குங்கள். முன்பக்கமும் கூரையும் இதில் சேரவில்லை.

பின்னாலிருந்து ஒட்டத் தொடங்கி முன்னோக்கி வாருங்கள். முன் துண்டு பின் துண்டின்மேல் ஏறியிருந்தால் காற்று ஓரத்துக்குள் புகாது. குறுக்கு இணைப்பு வந்தால் ஓட்டுக்கூரையைப்போல மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் ஏற வேண்டும். எல்லாத் துண்டையும் ஒரே ரோலில், ஒரே திசையில், ஒரே மூச்சில் பிரிண்ட் செய்யுங்கள். ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பி அச்சடித்தால்கூட இணைப்பில் நிறம் மாறித் தெரியும்.

வேனுக்கு டிசைன் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்? – திருப்பூர் வாசகி

வண்டியை நேரில் டேப் வைத்து அளந்து, நான்கு பக்கமும் நேராக நின்று படம் எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் டெம்ப்ளேட்டை மட்டும் நம்பினால் கைப்பிடி, பெட்ரோல் மூடி, கதவு இடைவெளி எல்லாம் இடம் மாறிவிடும். போன் நம்பரின் ஓர் எண் இடைவெளியில் விழுந்தால் 3, 8 ஆகப் படிக்கப்படும். பக்கவாட்டில் நகரும் கதவு உள்ள வேனில் கதவைத் திறந்த நிலையிலும் எழுத்துகள் எப்படிச் சேர்கின்றன என்று பாருங்கள். பாதிப் பெயர் மறைந்து மிச்சம் வேறு பொருள் தந்துவிடக்கூடும்.

படங்கள் முழு அளவில் 100 முதல் 150 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) இருந்தால் போதும். பத்தில் ஒரு பங்கு அளவில் வேலை செய்தால் 1000 டிபிஐ வேண்டும். சுற்றிலும் 10 சென்டிமீட்டர் கூடுதல் விடுங்கள். தமிழ் எழுத்துகளை அனுப்பும் முன் கர்வ் (ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கிவிடுங்கள். அச்சகத்தில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் கொம்பும் காலும் சிதறிவிடும். மெல்லிய ஃபான்ட் வேண்டாம், தூரத்தில் புள்ளி மறைந்துபோகும். போர்டு எழுதும் கணக்கில் 3 மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் உயரம் என்பார்கள். சுழி நிறைந்த தமிழ் எழுத்துக்கு அதைவிடச் சற்றுக் கூட்டிக்கொள்வது நல்லது.

புதிதாகக் கட்டிய குட்டி யானை (டாடா ஏஸ்) கன்டெய்னரில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசை இருக்கிறது. அதன்மேல் ஒட்ட முடியுமா? – நாமக்கல் வாசகர்

முடியும். ஆனால் முதலில் பெயிண்ட்டைச் சோதியுங்கள். புதுப் பெயிண்ட்டிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். 15 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றை ஒட்டி, ஒரு நாள் வெயிலில் விட்டுப் பாருங்கள். குமிழ் எழுந்தால் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும்.

ரிவெட்டின்மேல் படலத்தை அழுத்தி இழுக்காமல், கூடாரம்போல நிற்கவிட்டுச் சுற்றுப்புறத்தை முதலில் ஒட்டுங்கள். பிறகு ஊசியால் அடிவாரத்தில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, ஹீட் கன்னால் இளக்கி, ரிவெட் பிரஷால் வட்டமாகத் தேய்த்து இறக்குங்கள். பிளேடால் கீறினால் கீறல் நாளடைவில் நீளும்; ஊசித் துளை நீளாது.

முழு வண்டியின் நிறத்தையே மாற்றினால் ஆர்டிஓ பிரச்சினை வருமா? – சென்னை வாசகர்

ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், நிறமும் ஒரு விவரம். ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆகவே ஆர்டிஓ அனுமதியோடு நிறத்தைப் பதிவு செய்துகொண்டு ஒட்டுங்கள். ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும் உரியது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பதால், பின்கண்ணாடியில் ஒன் வே விஷன் என்னும் துளையிட்ட ஸ்டிக்கரை ஒட்டித் தரும்படி வாடிக்கையாளர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

வாட்டர் சர்வீஸ் விடலாமா? – தஞ்சை வாசகர்

ஒட்டி இரண்டு மூன்று நாள் கழித்து விடலாம். நாசிலை 30 சென்டிமீட்டர் தள்ளி, நேர்க்கோணத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். ஓரத்துக்குள் சாய்வாக அடித்தால் கிழித்துக்கொண்டு போகும். டீசல், பிரேக் ஆயில் சிந்தினால் அப்போதே துடைத்துவிட வேண்டும். பானெட்டும் கூரையும் பக்கங்களைவிடச் சீக்கிரம் வெளுக்கும்; அங்குள்ள படலம் வெடிக்கத் தொடங்கும் முன்னரே அதை உரித்துவிடுங்கள். ஓரத்தை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி, படலத்தை மடக்கித் தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுத்தால் பசை பெயிண்ட்டில் தங்காமல் படலத்தோடே வந்துவிடும். வெடித்தபின் உரித்தால் விரல் நகத்தளவுத் துண்டுகளாகத்தான் வரும், கூலி ஒட்டிய கூலியைத் தாண்டிவிடும்.