பனிமலைக்குப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

வன்னியில் பனி என்றால் மார்கழி, தை விடியலில் புல்லை நனைத்து, தலையில் துவாயைப் போட வைக்கிற ஈரம்தான். சுவிஸில் உள்ள எங்கள் ஆட்கள் ‘சினோ கொட்டுது’ என்று ரெலிபோனில் சொல்வது வேறொன்று, வானத்திலிருந்து விழும் வெண்பனி. மலைக்கிராமங்களில் இருக்கும் பிள்ளைகளிடம் போகப் புறப்படுகிறவர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எனக்கு 61 வயது. மகள் சுவிஸில் 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறாள். மார்கழியில் போய் மாசி மட்டும் நிற்கப் போகிறேன். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறேன். எதைக் கொண்டுபோக, எப்படி இருக்க?
— ஓர் அம்மா, புதுக்குடியிருப்பு

அம்மா, முதலில் இன்சுலின், பிறகுதான் உடுப்பு. இங்கே வெக்கையில் இன்சுலின் பழுதாகாமல் காப்பதுதான் கவலை. அங்கே அது உறைந்துவிடாமல் காக்க வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின் இளகிய பிறகும் உதவாது, எறியத்தான் வேண்டும். விமானத்தில் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போடவேண்டாம். அங்கே யன்னல் விளிம்பில் வைக்கக்கூடாது. வெளியே போகும்போது உடம்போடு ஒட்டிய உள் பையில் வையுங்கள். சீனி பார்க்கும் கருவியும் கடும் குளிரில் பிழையாகக் காட்டும், அல்லது வேலை செய்யாது. வீட்டுக்குள் வந்து பாருங்கள். வெளியே நிற்கையில் நடுக்கம் வந்தால் குளிர்தான் என்று விட்டுவிடாதீர்கள். சீனி இறங்கினாலும் நடுங்கும். இரண்டு இனிப்பு எப்போதும் பையில் இருக்கட்டும்.

அடுத்தது கால். நெடுநாள் சீனி உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். குளிர் கடித்தாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. சுடுதண்ணிப் பையைக் காலடியில் வைத்துப் படுப்பதும், ஹீட்டரில் பாதத்தை ஒட்டி வைப்பதும் கொப்புளத்தில் முடியும். படுக்கையைச் சூடாக்க வேண்டுமென்றால் படுக்கப் போவதற்கு முன் பையை வைத்து, படுக்கும்போது எடுத்துவிடுங்கள். ஒவ்வோர் இரவும் விரலிடுக்குகளைப் பாருங்கள்.

சப்பாத்தை இங்கே வாங்கவேண்டாம். சாதாரண சப்பாத்தின் அடி குளிரில் இறுகி வழுக்கும். அங்கே பனிக்கென்று விற்பதை, தடித்த மேஸ் போட்டுப் பார்த்து, உள்ளே விரல்களை ஆட்ட இடம் இருக்கும் அளவில் வாங்குங்கள். குளிருதென்று இரண்டு மேஸைத் திணித்தால் இரத்த ஓட்டம் நெரிபட்டு இன்னும் குளிரும். ஒரு கம்பளி மேஸ் போதும்.

உடுப்பு மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்டர், நடுவில் சூட்டைப் பிடிக்கும் தடித்த மேற்சட்டை, வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜக்கெற். நாங்கள் பழகிய பருத்தி உள்ளுடுப்பு வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், குளிர் அதனூடாகத்தான் ஏறும்.

விரலோ காதோ மரத்துப்போனால் தேய்க்கவேண்டாம். பனியால் தேய்ப்பது மிகப் பெரிய பிழை. எங்கள் நிறத்தில் மரத்த இடம் வெள்ளையாகத் தெரியாமல் சாம்பல் பூத்தும் மெழுகு பூசினதுபோலவும் தெரியலாம். உள்ளே வந்து 37 முதல் 39 பாகை வரையான இளஞ்சூட்டுத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். சூட்டை வேறொருவர் பார்க்க வேண்டும், மரத்த கைக்குத் தெரியாது. உணர்ச்சி திரும்பாவிட்டால் வைத்தியம் தேவை. அங்கே அம்புலன்ஸ் இலக்கம் 144.

தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே கட்டியாகிவிடும். பழுதில்லை, போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்தால் இளகும். சூடாக்கிய வீட்டுக் காற்று காய்ந்தது என்பதால் தோல் வெடிக்கும். குளித்த ஈரத்தோடு அதையே பூசுங்கள்.

மகள் வீட்டில் பருப்பு அவிய ஒரு மணித்தியாலம் செல்கிறதாம். அடுப்புப் பிழையா?
— நெடுங்கேணி வாசகி

அடுப்பில் பிழையில்லை. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், 1,500 மீற்றரில் தண்ணீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும். அடுப்பைக் கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். பிறஷர் குக்கர் ஒன்றே வழி. கடலை, பயறு என்றால் இரவே ஊறப் போடச் சொல்லுங்கள்.

வயலில் காவல் கொட்டிலில் மாதக்கணக்காகத் தனியே படுத்தவன் நான். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் மலைவீட்டில் பகல் முழுக்கத் தனிமைதான். எனக்குப் பயமில்லை. ஆனால் நேரத்தை எப்படிக் கழிக்க? தனியே நடக்கலாமா?
— ஓர் ஐயா, மாங்குளம்

ஐயா, காவல் கொட்டில் பழக்கம் உதவும், ஆனால் ஒரு வித்தியாசம். கொட்டிலில் தவளைச் சத்தம் இருக்கும், பக்கத்து வரம்பில் ரோச் வெளிச்சம் தெரியும், கூக் காட்டினால் பதில் வரும். பனி மூடிய மலையில் அது ஒன்றும் இல்லை. அதோடு பகலும் குறுகியது. மார்கழி நடுவில் அங்கே எட்டரை மணித்தியாலம்தான் பகல், மலை மறைக்கும் கிராமத்தில் வெயில் அதிலும் குறைவு. பலருக்கு மனம் சோர்வது தனிமையால் என்பதைவிட வெளிச்சக் குறைவால்தான். ஆகவே 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில், வானம் மூடியிருந்தாலும், வெளியே நில்லுங்கள். குளிர்கால வெயிலில் தோல் விற்றமின் டி செய்வது அரிது, எங்கள் தோலில் இன்னும் அரிது. அதற்குக் குளிசை எடுப்பது பற்றி வைத்தியரைக் கேளுங்கள்.

நேர வித்தியாசத்தையும் கணக்கில் எடுங்கள். குளிர்காலத்தில் சுவிஸ் எங்களைவிட நாலரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்கே மாலை ஐந்தரைக்கு இருட்டி மனம் ஊரைத் தேடும்போது மாங்குளத்தில் இரவு பத்து மணி, எல்லோரும் படுத்திருப்பார்கள். ஊர்ப் பேச்சைக் காலை தேத்தண்ணியோடு வைத்து, மாலைக்குக் கைவேலையோ வாசிப்போ ஒதுக்கி வையுங்கள்.

தனியே நடக்கலாம், ஆனால் குறித்த பாதையில் மட்டும். சுவிஸில் குளிர்கால நடைபாதைகளுக்கு இளஞ்சிவப்புப் பலகை நட்டிருப்பார்கள். மஞ்சள் பலகை கோடைப் பாதைக்கு, அது பனியில் மூடிக் கிடக்கும். பனிச்சரிவு பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில்தான் கிளம்பும். அதன் அடியில் நிற்பவரையும் அது வந்து மூடும். டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் ஒன்று முதல் ஐந்து வரை ஆபத்தின் அளவை அறிவிக்கும். மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று எண்ணவேண்டாம், உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த அளவில்தான் நடக்கிறது. அன்று ஊருக்குள் நடவுங்கள்.

குறுகிய அடி வையுங்கள், பாரம் முன்காலில் இருக்கட்டும், கையைப் பையில் விடாதீர்கள். கடுங்குளிரைவிட பூச்சியத்தை ஒட்டிய நாள்தான் கூட வழுக்கும், ஏனென்றால் ஐஸின் மேல் தண்ணீர் படலமாக நிற்கும். புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கும், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போனால் இரவில் கண்ணில் மணல் போட்டதுபோல் எரியும். கைத்தொலைபேசியை உள்பையில் வையுங்கள், குளிரில் பற்றரி சட்டென்று இறங்கும்.

காட்டில் அடி பார்த்தவருக்குப் பனியைப்போல் ஒரு ஏடு கிடைக்காது. முன்னுக்கு இரண்டு பெரிய அடி, பின்னுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சின்ன அடி என்றால் முயல். பெரியவை பின்னங்கால்கள், துள்ளும்போது அவைதான் முன்னே விழும். ஒரே நேர்கோட்டில் நூல் பிடித்ததுபோல் போனால் நரி. பிளந்த குளம்பை நீங்கள் உடனே அறிவீர்கள். பார்த்து இரசியுங்கள், தொடர்ந்து போகவேண்டாம். மாரியில் இரையின்றி உடம்புக் கொழுப்பில் சீவிக்கும் மிருகத்தைக் கலைத்து ஓடவிட்டால் அதற்கு உயிரே போகலாம். சில காடுகளில் அக்காலத்தில் நுழையவும் தடை உண்டு.

வாசல் பனியை அள்ளுவது மண்வெட்டி வேலைதானே?
— தம்பி ஒருவர், மல்லாவி

இல்லை தம்பி. அகன்ற தட்டுச் சவலால் தள்ள வேண்டும், தூக்கி எறிவது கடைசி வழி. பத்து மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலப் பாதையில் 20 சென்ரிமீற்றர் புதுப்பனி 160 கிலோ வரும். அதுவே ஈரப்பனி என்றால் 600 கிலோவைத் தாண்டும், எட்டொன்பது நெல் மூடைப் பாரம். குளிரில் இரத்தக்குழாய் சுருங்கும் நேரத்தில் இந்தப் பாரம் இருதயத்தைத் தாக்கும். ஐம்பதைத் தாண்டியவரும் நெஞ்சுவலி உள்ளவரும் இதில் இறங்கவேண்டாம். மிதிபட முன் அள்ளுங்கள், மிதிபட்ட பனி ஐஸாகி அலவாங்கு கேட்கும். சுமார் பத்துப் பாகை பூச்சியத்துக்குக் கீழே போனால் உப்பு உருக்காது, சிறுகல் தூவுங்கள். கூரை விளிம்பின் கீழ் நிற்கவே கூடாது.

பனி கொட்டும்போது ஊரே அமைதியாகிவிடுமாமே? ஒவ்வொரு துகளும் பூப்போல இருக்குமா?
— மாணவி, கிளிநொச்சி

முதலாவது உண்மை, இரண்டாவது எப்போதும் இல்லை. புதுப்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. சத்தம் அந்த இடுக்குகளுக்குள் புகுந்து அடங்கிவிடும். மேற்பரப்பு இறுகி ஓடு கட்டியதும் அந்த அமைதி போய்விடும், தூரத்து நாய் குரைப்பும் கேட்கும்.

பூப்போன்ற ஆறு கிளைத் துகள் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையை அண்டிய முகிலில்தான் நன்றாக வளரும். ஐந்து பாகையை அண்டினால் ஊசியாகும், பூச்சியத்தை நெருங்கினால் ஒட்டிப் பஞ்சுக்கட்டியாக விழும். அங்கே போகிறவர்களிடம் துகளைப் பார்க்க இப்படிச் சொல்லுங்கள்: கறுப்புக் கம்பளித் துண்டை அரை மணித்தியாலம் வெளியே விட்டுக் குளிரவைக்க வேண்டும், உள்ளிருந்து சூட்டோடு கொண்டுபோனால் விழுந்ததும் உருகிவிடும். பத்து மடங்கு பெருக்கும் வில்லையும் வெளியே குளிர்ந்திருக்கட்டும். குனிந்து பார்க்கும்போது மூச்சைப் பக்கவாட்டில் விடவேண்டும்.