ஒரே நாளில் நூறு பைகள் வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். எங்கள் தெருவைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ரத்தப் புற்றுநோய்க்காகப் புதுச்சேரி ஜிப்மரில் சிகிச்சை பெறுகிறாள். அவளுக்காக எங்கள் இளைஞர் மன்றம் ரத்ததான முகாம் நடத்த விரும்புகிறது. நூறு பேர் வரை தயாராக இருக்கிறார்கள். நாங்கள் கொடுக்கும் ரத்தம் அவளுக்கே போய்ச் சேருமா? அவளுடைய ரத்த வகையைச் சேர்ந்தவர்களை மட்டும் அழைக்க வேண்டுமா?

பதில்: முகாமில் எடுக்கும் பைகளில் அந்தச் சிறுமியின் பெயர் எழுதப்படாது. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி மற்றும் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய சோதனைகள் முடிந்தபின் அவை ரத்த வங்கியின் பொது இருப்பில் சேரும். அவளுக்கு வேண்டிய ரத்தமும் அத்தகைய இருப்பிலிருந்துதான் வரும். ஆகவே எல்லா வகையினரையும் அழைக்கலாம். ஆனால் முகாமை எந்த ரத்த வங்கி நடத்துகிறதோ, ரத்தம் அந்த வங்கிக்கே சொந்தம். கடலூரில் வேறொரு வங்கியை அழைத்து நடத்திவிட்டு ஜிப்மரில் போய்க் கேட்டால் கணக்கு ஒத்துவராது. தேதி குறிப்பதற்கு முன்பே அவளுக்கு ரத்தம் வழங்கும் வங்கியிடம் பேசிவிடுங்கள்.

அடுத்துச் சொல்லப்போவதுதான் முக்கியம். நூறு பேரையும் ஒரே நாளில் படுக்கவைக்காதீர்கள்.

குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீளும். கீமோதெரபி மருந்து நோய் அணுக்களோடு ரத்தம் உருவாகும் இடமான எலும்பு மஜ்ஜையில் உள்ள நல்ல அணுக்களையும் அடக்கிவிடுவதால், முதல் சில மாதங்களில் ரத்தம் அடிக்கடி தேவைப்படும். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான். குழந்தைக்குச் சிவப்பணுக்களை ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லி வரை கணக்கிட்டுச் செலுத்துவோம். 18 கிலோ உள்ள பிள்ளைக்கு அது ஏறத்தாழ ஒரு பை. அந்தப் பையும் 35 முதல் 42 நாட்களுக்குத்தான் தாங்கும். முழு ரத்தம் கொடுத்த ஆண் 90 நாட்களுக்கும் பெண் 120 நாட்களுக்கும் மறுபடி கொடுக்க முடியாது. நூறு பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிட்டால், மறுவாரம் அவளுக்கு அவசரம் என்று போன் வரும்போது தெருவில் கொடுக்கத் தகுதியுள்ள ஒருவர்கூட இருக்கமாட்டார்.

ரத்தக் கசிவை நிறுத்த உதவும் தட்டணுக்களான பிளேட்லெட்டின் நிலை இதைவிடக் கடினம். அதன் ஆயுள் ஐந்தே நாட்கள். வாய்ப்பிருந்தால் ரத்த வங்கியில் அதை ஒருமுறை பாருங்கள். வெளிர் மஞ்சள் நிறத்தில் சிறு பை, 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், இரவும் பகலும் ஆடிக்கொண்டே இருக்கும் தட்டின் மேல் கிடக்கும். ஆட்டம் நின்றால் அணுக்கள் கெட்டுப்போகும். கொடுத்தனுப்பும் முன் தொழில்நுட்பர் அதை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சுழற்றுவார். உள்ளே பட்டுத்துணி நெளிவதுபோல ஒரு மினுமினுப்பு ஓடினால் அணுக்கள் நல்ல நிலையில் இருக்கின்றன என்று அர்த்தம். பிளேட்லெட் எண்ணிக்கை பத்தாயிரத்துக்குக் கீழே போன குழந்தைக்கு மூக்கிலோ மூளையிலோ ரத்தம் கசியத் தொடங்குமோ என்று நாங்கள் அஞ்சும் இரவுகளில் அந்தப் பைக்காகத்தான் காத்திருப்போம்.

எனவே உங்கள் நூறு பேரை மூன்றாகப் பிரியுங்கள். இருபது பேரை பிளேட்லெட் மட்டும் கொடுப்பதற்கென்று ஒதுக்கிவையுங்கள். இயந்திரத்தின் மூலம் ஒருவரிடமிருந்தே ஆறு பைகளுக்கு ஈடான பிளேட்லெட்டை எடுத்து, மீதி ரத்தத்தை அவர் உடலுக்கே திருப்பிவிட முடியும். ஒன்றரை மணி நேரம் ஆகும். 48 மணி நேர இடைவெளிக்குப் பிறகு அவரே மறுபடி கொடுக்கலாம். ஆண்டுக்கு 24 முறை வரை அனுமதி உண்டு. மூன்று நாட்களுக்குள் ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிட்டிருக்கக் கூடாது. இந்த இருபது பேருக்கு மட்டும் ரத்த வகையை முன்னதாகவே பார்த்து எழுதிவையுங்கள். எஞ்சிய எண்பது பேரில் பாதிப் பேர் இப்போது முழு ரத்தம் கொடுக்கட்டும், மறுபாதிப் பேர் ஆறு வாரம் கழித்துக் கொடுக்கட்டும்.

உங்கள் ஊருக்கென்று ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடிவிடுவதால் ரத்த வங்கிகள் வறண்டு கிடக்கும். அதே காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆட்கள் ஊரில் இருப்பார்கள். அடுத்த முகாமை அந்த இரண்டு மாதத்துக்குள் வையுங்கள். மற்ற நாட்களில், இரவெல்லாம் கடலில் கண் விழித்துத் திரும்பியவரையோ, கொடுத்துவிட்டு 24 மணி நேரத்துக்குள் தொழிலுக்குப் போக இருப்பவரையோ அழைக்காதீர்கள். கடலில் தலைசுற்றி விழுந்தால் விபரீதம்.

தகுதிகள் உங்களுக்குத் தெரிந்தவையே: வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. வெறும் வயிற்றோடு வருகிறவரிடம் எடுக்கமாட்டார்கள். மாசி மகம் போன்ற விரத நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சிறுமியின் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் கொடுக்கத் துடிப்பார்கள். அவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பிற்காலத்தில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்பட்டால், உறவினர் ரத்தத்தை முன்பே ஏற்றியிருப்பது இடையூறாகலாம். நெருங்கிய உறவினரின் ரத்தத்தைக் கதிரியக்கத்துக்கு உட்படுத்தாமல் ஏற்றுவதிலும் ஆபத்து உண்டு.

பிளெக்ஸ் பேனரில் குழந்தையின் படத்தைப் போடாதீர்கள். நோய் தீர்ந்து பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையை ஊரே அந்தப் படத்தோடு பார்க்கும். வாட்ஸ்அப்பில் வேண்டுகோள் அனுப்பும்போது தேதியைக் குறிப்பிடுங்கள். தேவை முடிந்ததும் முடிந்தது என்று அறிவியுங்கள். மருத்துவமனை வாசலில் பணத்துக்கு ஆள் தருவதாகச் சொல்பவர்களை நம்பிவிட வேண்டாம். பணம் வாங்கி ரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

கொடுக்கப் போகிறவர்கள் வார்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். அவள் உடலில் இப்போது எதிர்ப்புச் சக்தி குறைவு. மாறாக, பெற்றோர் ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில் தங்கியிருக்கும் நாட்களில் வீட்டில் இருக்கும் தம்பி தங்கையருக்குச் சாப்பாடு போவதையும் பஸ் செலவுக்குக் கையில் பணம் இருப்பதையும் மன்றம் பார்த்துக்கொள்ளட்டும். பட்டியலைப் பொறுப்புள்ள ஒருவரிடம் ஒப்படைத்து, அவருடைய எண்ணை அந்தத் தாயிடம் கொடுத்துவிடுங்கள். இரவு பதினோரு மணிக்கு செவிலியர் பிளேட்லெட் வேண்டும் என்றால், அந்தத் தாய் அழைக்க வேண்டிய எண் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.