24 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் சுடும்

கேள்வி: 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) ஈய அமில பேட்டரிகள் நான்கு புதிதாக வாங்கியிருக்கிறேன். சார்ஜருடன் கூடிய 24 வோல்ட், 2000 வாட் இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 2 மீட்டர் தூரம். 24 வோல்ட்தானே, வயரிங் வேலையில் மிஞ்சிய 4 சதுர மில்லிமீட்டர் கேபிள் போதாதா? இன்வெர்ட்டருக்குள் ஃபியூஸ் இருக்கிறது. வெளியே இன்னொன்று எதற்கு?

பதில்: அந்தத் ‘தானே’யில்தான் வம்பு இருக்கிறது. 24 வோல்ட்டைத் தொட்டால் பொதுவாக ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். இரும்பு பழுக்கும், ஈயம் உருகித் தெறிக்கும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஸ்பேனரோடு தொடங்குங்கள்.

வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். பேட்டரி 22 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில் முழு 2000 வாட் எடுத்தால், இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்துச் சுமார் 100 ஆம்பியர் ஓடும். போக வர 4 மீட்டர் கேபிள். உங்கள் 4 சதுர மில்லிமீட்டர் செம்பில் அதற்கு 1.75 வோல்ட் விழும். அதாவது 175 வாட் சூடு கேபிளிலேயே. உறை இளகிவிடும். 35 சதுர மில்லிமீட்டரில் அதே இழப்பு 20 வாட்தான். மிஞ்சிய கேபிளை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் ஃபியூஸ் இன்வெர்ட்டரைக் காக்கும். பேட்டரியிலிருந்து அதுவரை வரும் கேபிள் எங்காவது நசுங்கி ஷார்ட் ஆனால் அதைத் தடுக்க யாருமில்லை. எனவே வெளி ஃபியூஸ் கேபிளுக்கானது. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 35 சதுர மில்லிமீட்டருக்கு 125 ஆம்பியர் பொருந்தும். இன்வெர்ட்டரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதன்படி கேபிளையும் மாற்றுங்கள். பேட்டரி தருவது டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். அதற்கென்றே செய்த ஃபியூஸ் வேண்டும். வீட்டு 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், இணைப்பு அறும்போது எழும் பொறி தானே அணைகிறது. டி.சி.யில் அந்த இடைவெளி கிடையாது, சாதாரண ஏ.சி. எம்.சி.பி. (தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) உள்ளேயே எரியலாம்.

இணைப்பு: இரண்டிரண்டாகத் தொடரில் (ஒன்றின் பாசிட்டிவ் அடுத்ததன் நெகட்டிவோடு) சேர்த்து 24 வோல்ட் ஜோடிகளாக்கி, ஜோடிகளைப் பக்க இணைப்பில் (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) சேருங்கள். இன்வெர்ட்டருக்குப் போகும் பாசிட்டிவை முதல் ஜோடியிலிருந்தும் நெகட்டிவை இரண்டாம் ஜோடியிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒரே ஜோடியில் எடுத்தால் அந்த ஜோடியே அதிகம் உழைத்து முன்னதாகக் கிழடாகும். லக் (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையம்) பேட்டரி முனையில் நேராக உட்கார வேண்டும், வாஷர் அதன் மேலே. வாஷரை நடுவில் சொருகிச் சூடேறிய இணைப்புகளை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

இன்வெர்ட்டரில் மாட்டும் முன் மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பாசிட்டிவ் கேபிளிலும் கறுப்பை நெகட்டிவிலும் வையுங்கள். எண்ணுக்கு முன் மைனஸ் குறி வந்தால் கேபிள் தலைகீழ். முதல் தொடர்பில் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்கள் மின்னோட்டத்தை மொத்தமாக உறிஞ்சுவதால் ‘பட்’டென்று பொறி வரும். இன்வெர்ட்டர் அணைந்திருக்கட்டும், கடைசி இணைப்பைப் பேட்டரி முனையில் செய்யாமல் இன்வெர்ட்டர் பக்கம் செய்யுங்கள். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். அறையின் மேற்பகுதியில் காற்று வெளியேற வழி வைத்து, இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு நேர் மேலே மாட்டாதீர்கள்.

உங்கள் தொகுப்பு மொத்தம் 300 ஏ.எச். சார்ஜ் மின்னோட்டத்தை 30 ஆம்பியரில் வைத்துத் தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து, இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, எல்லா நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். ஈய முனை அழுத்தத்தில் கொஞ்சம் அமுங்கித் தளர்ந்திருக்கும்.