கல், குற்றி, லொறி: ஸ்ட்ரோங்மேன் போட்டிகள் பற்றி வாசகர் கேள்விகள்

கழக விளையாட்டு விழாக்களில் கயிறிழுத்தலோடு நிற்காமல், பாரக் கல்லும் மரக்குற்றியும் தூக்குவது, லொறி இழுப்பது போன்ற ஸ்ட்ரோங்மேன் நிகழ்ச்சிகளையும் சேர்க்க விரும்புகிறோம் என்று பல இடங்களிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். உலகப் போட்டிகளைப் பற்றிய சந்தேகங்களும் வந்திருக்கின்றன. இரண்டையும் கலந்தே இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

ஒரே ஆண்டில் இரண்டு மூன்று பேரை 'உலகின் மிகப் பலசாலி' என்கிறார்கள். உண்மையான சம்பியன் யார்? (கொக்குவில்)

ஒவ்வொருவரும் அவரவர் வென்ற போட்டியின் சம்பியன். பளுதூக்கலுக்குச் சர்வதேசச் சம்மேளனம் ஒன்று இருக்கிறது. நாட்டுச் சங்கம், கண்டப் போட்டி, ஒலிம்பிக் என்று படிகள் உண்டு. ஸ்ட்ரோங்மேனில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட தலைமைச் சபை கிடையாது. போட்டியை நடத்தும் நிறுவனம்தான் பட்டத்தையும் வைத்திருக்கிறது. குழப்பம் முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது.

மிகப் பழைய பட்டம் 'வேர்ல்ட்ஸ் ஸ்ட்ரோங்கஸ்ட் மேன்'. 1977இல் கலிபோர்னியாவின் யுனிவர்சல் ஸ்டூடியோவில் தொலைக்காட்சிக்காகத் தொடங்கப்பட்டது. முதல் இரண்டு ஆண்டும் அமெரிக்கப் பளுதூக்கல் வீரர் புரூஸ் வில்ஹெம் வென்றார். இதன் பின்னால் நிற்பது ஐ.எம்.ஜி. என்ற வணிக நிறுவனம். வீரர்களும் ஏற்பாட்டாளர்களும் சேர்ந்து 1995இல் 'இஃப்சா' என்ற சம்மேளனத்தை அமைத்தார்கள். சில காலம் இரு தரப்பும் ஒத்துப்போயின. 2000களின் நடுப்பகுதியில் உறவு முறிந்தது. இஃப்சாவோடு ஒப்பந்தம் செய்த வீரர்கள் பழைய போட்டிக்குப் போகவில்லை. 2005 முதல் 2007 வரை இஃப்சா தனியாக உலகப் போட்டி நடத்தியது.

விளைவைப் பாருங்கள். லித்துவேனியாவின் ஷிட்ரூனாஸ் சாவிக்காஸ் 2005, 2006 இரண்டிலும் இஃப்சா பட்டம் எடுத்தார். அதே காலத்தில் போலந்தின் மாரியுஸ் புட்சியானோவ்ஸ்கி மற்றப் பட்டத்தை வாங்கிக்கொண்டிருந்தார். 2002, 2003, 2005, 2007, 2008 என்று மொத்தம் ஐந்து தடவை. இருவரில் யார் பெரியவர் என்ற வாதத்துக்கு அந்த ஆண்டுகளில் மேடையில் பதில் கிடைக்கவில்லை. இஃப்சா சரிந்த பிறகு 2009இல் மால்டாவில் மோதினார்கள். சாவிக்காஸ் முதலிடம், புட்சியானோவ்ஸ்கி இரண்டாமிடம். நல்ல வீரர்களின் உச்சக் காலத்தை நிர்வாகச் சண்டை தின்றுவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்போது கவனிக்க வேண்டியவை: ஐரோப்பாவை மையமாகக் கொண்டு 2008இலிருந்து பல நாடுகளில் சுற்றுகள் நடத்தும் ஸ்ட்ரோங்மேன் சம்பியன்ஸ் லீக், 2009இல் தொடங்கி, வேர்ல்ட்ஸ் ஸ்ட்ரோங்கஸ்ட் மேனுக்குத் தகுதி வழியாகவும் இருந்துவரும் ஜயண்ட்ஸ் லைவ், 2002இலிருந்து ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் நடக்கும் ஆர்னோல்ட் ஸ்ட்ரோங்மேன் கிளாசிக். ஆர்னோல்டில் வேகத்தைவிட முழுப்பாரத்துக்கே மதிப்பு அதிகம். சாவிக்காஸ் அதை எட்டுத் தடவை வென்றார். வெறும் பலத்தை மட்டும் அளக்க வேண்டுமென்றால் ஆர்னோல்டையே நான் முதலில் வைப்பேன். பலம், ஓட்டம், மூச்சு மூன்றையும் பல நாட்கள் சோதிப்பது வேர்ல்ட்ஸ் ஸ்ட்ரோங்கஸ்ட் மேன்.

ஒரு நிகழ்ச்சியிலும் முதலாவதாக வராதவர் சம்பியன் ஆகலாமா? (மானிப்பாய்)

ஆகலாம். இறுதியில் பத்துப் பேர் என்றால் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் முதலாமவருக்கு 10 புள்ளி, கடைசியாளுக்கு 1. ஐந்து நிகழ்ச்சிகளிலும் இரண்டாவதாக வந்தவருக்கு 45. மூன்றில் முதலாவதாக வந்து மற்ற இரண்டில் எட்டாவதாக விழுந்தவருக்கு 36தான். இருவர் சமமாக நின்றால் அந்த இடங்களின் புள்ளியைக் கூட்டிப் பாதியாகப் பிரிப்பார்கள். இரண்டாம் மூன்றாம் இடங்கள் சமமானால் ஆளுக்கு 8.5. ஒரு தூக்கலும் செல்லவில்லை என்றால் பூச்சியம். அந்தப் பூச்சியத்திலிருந்து மீளுவது மிகக் கடினம். ஆகவே முதல் தூக்கலைத் தனக்கு நிச்சயமான பாரத்தில் எடுப்பவர்தான் புத்திசாலி.

எங்கள் கழகத்துக்கு அட்லஸ் கல் வார்க்க வேண்டும். எப்படி? (கோண்டாவில்)

அட்லஸ் கல் என்பது தூக்குவதற்காக வார்க்கும் கொங்கிறீற்று உருண்டை. முதலில் அளவைத் தீர்மானியுங்கள். சாதாரண கொங்கிறீற்று கன மீற்றருக்குச் சுமார் 2400 கிலோ. அந்தக் கணக்கில் 35 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டை ஏறக்குறைய 54 கிலோ, 40 என்றால் 80, 45 என்றால் 114, 50 என்றால் 157. விட்டம் ஐந்து சென்ரிமீற்றர் கூடினால் பாரம் எவ்வளவு ஏறுகிறதென்று கவனியுங்கள். தொடங்கும் கழகத்துக்கு 54உம் 80உம் போதும், மூன்றாவதாக 114. உலகப் போட்டிகளில் பழைய வரிசை 100 முதல் 160 கிலோ வரை ஐந்து கற்கள். இப்போது 200ஐயும் தாண்டுகிறார்கள்.

கண்ணாடியிழை அச்சு வாங்க முடிந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் உடற்பயிற்சிக்கு விற்கும் பெரிய ரப்பர் பந்தைத் தேவையான விட்டத்துக்கு ஊதுங்கள். நூலால் சுற்றளவை அளந்து 3.14ஆல் பிரித்தால் விட்டம் வரும். பந்தின் மேல் பிளாஸ்டர் தோய்த்த துணிக்கீற்றுகளை ஆறேழு அடுக்குப் போர்த்துங்கள். மேலே ஒரு சாண் அகல வாயை விட்டுவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் காற்றை இறக்கிப் பந்தை அந்த வாய் வழியே வெளியே எடுத்து, உட்புறம் முழுக்க கிறீஸ் பூசுங்கள். பிறகு அந்தக் கோதைக் கழுத்துவரை மணலில் புதையுங்கள். புதைக்காமல் வார்த்தால் ஈரக் கொங்கிறீற்றின் அழுத்தத்தில் கோது பக்கவாட்டில் பிதுங்கி, முட்டை வடிவக் கல்தான் கிடைக்கும். இதுவே அடிக்கடி நடக்கும் பிழை.

40 சென்ரிமீற்றர் கல்லுக்கு சீமெந்து 12.5 கிலோ, மணல் 25 கிலோ, அரை அங்குலத்துக்குக் குறைந்த சின்னச் சல்லி 37 கிலோ, தண்ணீர் ஐந்தரை லீற்றர். தண்ணீரைக் கூட்டினால் ஊற்ற இலகுவாக இருக்கும். ஆனால் காய்ந்த பின் மேற்பரப்பு மாவாக உதிரும். சிப்பி கலந்த கடற்கரை மணலைத் தவிருங்கள். மூன்று தடவையாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கம்பியால் இருபத்தைந்து முப்பது குத்துக் குத்துங்கள். குத்தாத இடத்தில் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். தூக்குபவரின் முன்கைத் தோல் அதில்தான் கிழியும். வாயை உருண்டை வளைவுக்கே கரண்டியால் தேய்த்து முடியுங்கள். தட்டையாக விட்டால் கல் உருளும்போது அந்தப் பக்கத்தில் நின்றுவிடும்.

மூன்று நாள் கழித்துக் கோதை உடையுங்கள். பிறகு குறைந்தது ஏழு நாள் ஈரச் சாக்கு மூடி இருக்க வேண்டும். நமது வெயிலுக்குச் சாக்கு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், இரண்டு நேரமும் தண்ணீர் ஊற்றுங்கள். 28 நாளுக்கு முன் தூக்கவேண்டாம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பல இடங்களில் செம்மண்ணுக்குக் கீழே சிறிது ஆழத்திலேயே சுண்ணக்கல் இருக்கிறது. அத்தகைய தரையில் கல்லைப் போட்டால் கல்தான் பிளக்கும். விழும் இடத்தில் பழைய ரயர்களைப் படுக்கப் போட்டு, நடுவை மணலால் நிரப்புங்கள். கடைசியாக, கணக்கை நம்பாமல் தராசில் நிறுத்து, பாரத்தைப் பெயின்றால் எழுதிவையுங்கள்.

கல் தூக்கும்போது புயத்தசை கிழிந்துவிடும் என்கிறார்கள், உண்மையா? (சாவகச்சேரி)

உண்மை, முறை பிழைத்தால். கல்லைக் கணுக்கால்களுக்கு நடுவில் வைத்து, விரல்களை விரித்து, கைகளைக் கல்லின் நடுவுக்குக் கீழே கொடுங்கள். முழங்கையை மடித்து இழுப்பவருக்குத்தான் புயத்தசை போகும். கை நீட்டியபடியே இறுக அணைத்து, இடுப்பாலும் தொடையாலும் எழும்புங்கள். கல் முழங்காலைத் தாண்டியதும் குந்தி அதை மடியில் எடுங்கள். அங்கே ஒரு மூச்சு எடுத்து, கைகளைக் கல்லின் மேற்புறத்துக்கு மாற்றி, மார்போடு ஒட்டி, இடுப்பை முன்னே தள்ளி நிமிருங்கள். மடியில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் ஏற்ற நினைப்பது புதியவர்களின் வழக்கமான பிழை.

வெளிநாட்டு வீரர்கள் முன்கையில் பூசுவது பைன் மரப் பிசினில் செய்த 'டக்கி'. நமது வெப்பத்தில் அது உருகி வழியும். குளிர்ப்பெட்டியில் வைத்து, முறை வருவதற்குச் சற்று முன் பூச வேண்டும். தொடங்குபவர்கள் அது இல்லாமலே பழகலாம். முன்கைக்கு ஒரு பழைய நீளக் காலுறையை வெட்டிப் போட்டால் தோல் தப்பும்.

லொறி இழுத்தல் வைக்கப் போகிறோம். எத்தனை தொன் சரி? (பருத்தித்துறை)

தொன்னைவிட நிலம்தான் முக்கியம். நல்ல தார் வீதியில், காற்று நிரம்பிய ரயரோடு, 10 தொன் லொறி உருளுவதற்குத் தேவையான இழுவிசை ஏறக்குறைய 100 கிலோ பாரத்துக்குச் சமம். அதே வீதி நூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் ஏறினால் இன்னொரு 100 கிலோ சேரும். கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் வீதியும் ஏமாற்றும். முதல் நாளே ஒரு நீள நீர்க்குழாயில் மட்டம் பாருங்கள். மணல் தரையில் 2 தொன் உழவியந்திரமே அசையாது. முதல் முறை நடத்துபவர்களுக்கு 3 முதல் 4 தொன், 20 மீற்றர் தூரம், 75 செக்கன் போதும்.

பாதுகாப்பில் பலர் தவறவிடும் ஒன்று பிறேக். எஞ்சின் நிறுத்தப்பட்ட வாகனத்தில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிறேக் மிதி கல்லாக இறுகிவிடும். காற்று பிறேக் உள்ள லொறியில் அமுக்கம் இறங்கினால் சில்லு தானாகவே பூட்டிக்கொள்ளும். வீரர் நடுவில் நிற்பார், காரணம் யாருக்கும் விளங்காது. எஞ்சினை இயங்கவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, அனுபவமுள்ள சாரதி ஒருவர் ஆசனத்தில் இருக்க வேண்டும். நைலோன் கயிறு இழுபட்டு அறுந்தால் சாட்டையாக அடிக்கும். நீளாத கயிறு எடுங்கள், கயிற்றின் இரு பக்கமும் ஐந்து மீற்றருக்குள் ஆட்களை விடாதீர்கள். இழுப்பவர் உடலைத் தரைக்குத் தாழ்த்தி, சிறிய அடிகளாக வைக்க வேண்டும். உருளத் தொடங்கியதை நிறுத்தினால் மறுபடி அசைக்க இருமடங்கு பாடு.

இங்கே தாடியாலும் தலைமுடியாலும் வாகனம் இழுக்கிறார்களே, அதுவும் இதில் சேருமா? (கைதடி)

அது தனிமனித சாதனை; மதிக்க வேண்டியது. போட்டியில் எல்லோருக்கும் ஒரே வாகனம், ஒரே தூரம், ஒரே நேரம் வேண்டும். அதனால் ஸ்ட்ரோங்மேனில் தோள்வாரும் கைக்கயிறும்தான்.

டெட்லிஃப்ட் உலக சாதனை 500ஆ, 501ஆ? (நல்லூர்)

டெட்லிஃப்ட் என்பது தரையில் கிடக்கும் பளுக்கம்பியை நிமிர்ந்து நிற்கும்வரை தூக்குவது. நீங்கள் சொன்ன இரண்டும் நடந்தவை. பிரித்தானியாவின் எடி ஹோல் 2016 ஜூலையில் லீட்ஸ் நகரில் போட்டி மேடையில் 500 கிலோ தூக்கினார். ஐஸ்லாந்தின் ஹஃப்தோர் பியோர்ன்சன் 2020 மே 2ஆம் திகதி, பெருந்தொற்றுக் காலத்தில், தன் சொந்தப் பயிற்சிக்கூடத்தில் நடுவர் முன்னிலையில் 501 தூக்கினார். போட்டியில் தூக்காதது சாதனையா என்ற சர்ச்சை அதனால்தான். பின்னர் 2025இல் அவரே போட்டி மேடைகளில் 505உம் 510உம் தூக்கியதால் அந்த வாதம் முடிந்தது. பவர்லிஃப்டிங் எண்களோடு இவற்றை ஒப்பிடாதீர்கள். ஸ்ட்ரோங்மேனில் மணிக்கட்டிலிருந்து கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் பட்டிக்கு அனுமதி உண்டு, அங்கே இல்லை.

என் எடை 78 கிலோ. எனக்கு இதில் இடமுண்டா? என் தங்கைக்கும் ஆர்வம். (சுன்னாகம்)

உண்டு. தொலைக்காட்சியில் பெரும்பாலும் காட்டுவது எடை வரம்பில்லாத திறந்த பிரிவு. ஒஃபிஷல் ஸ்ட்ரோங்மேன் கேம்ஸ் என்ற சர்வதேசப் போட்டியில் ஆண்களுக்கு 80, 90, 105 கிலோவுக்கு உட்பட்ட பிரிவுகள் இருக்கின்றன. பெண்களுக்கும் தனி எடைப் பிரிவுகள் உண்டு. அமெரிக்காவில் ஸ்ட்ரோங்மேன் கோர்ப்பரேஷன் அமெச்சூர் போட்டிகளை நடத்தி, வென்றவர்களுக்குத் தொழில்முறைப் போட்டிகளில் இறங்குவதற்கான அட்டை வழங்குகிறது. பதிவுப் பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: எடை நிறுப்பது போட்டிக்கு முதல் நாளா, அன்று காலையா, உங்கள் பிரிவுக்கான பாரங்கள் எழுத்தில் இருக்கின்றனவா, ஊக்கமருந்துச் சோதனை நடத்துகிறார்களா. கடைசிக் கேள்விக்குப் பல போட்டிகளில் தெளிவான பதில் கிடைக்காது. சோதனை நடத்தும் போட்டியைத் தேடிப் போங்கள்; உடம்பை விலையாகக் கொடுத்து வாங்கும் கோப்பை வேண்டாம்.

பயிற்சிக்கு இருவருமே டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தூக்குதல், கைப்பாரத்தோடு நடத்தல் மூன்றில் தொடங்குங்கள். இருபது லீற்றர் கலனை உலர்ந்த மணலால் நிரப்பினால் முப்பது கிலோவைத் தாண்டும். இரு கையிலும் ஒவ்வொன்று, 20 மீற்றர், நான்கு தடவை, வாரம் இரண்டு நாள். கலனின் பிளாஸ்டிக் கைபிடியை நம்பவேண்டாம்; வெல்டிங் கடையில் இரும்புச் சட்டம் ஒன்று அடித்து அதற்குள் கலனை வையுங்கள். கைபிடிக் குழாய் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் தடித்தால் தங்கையின் பிடி பாரத்துக்கு முன்பே விட்டுவிடும்.