பழைய வின்செஸ்டருக்குப் புளி போடாதீர்கள்

கேள்வி: மொன்டானா மாநிலத்தில் இருபது ஆண்டுகளாக வசிக்கும் அமெரிக்கக் குடிமகன் நான். பக்கத்துப் பண்ணையை விற்றுவிட்டுப் போன முதியவர், களஞ்சியத்தில் கிடந்த வின்செஸ்டர் 1894 ரகத் துப்பாக்கி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டார். எட்டுப் பட்டைக் குழலின் மேல் 38-55 என்று பொறித்திருக்கிறது. இரும்பெல்லாம் செந்துரு. விசைக்குக் கீழே இருக்கும் லீவர் பாதி தூரம் இறங்கி நின்றுவிடுகிறது. கட்டை எண்ணெய்ப் பிசுக்கேறிக் கருத்து, பின்புறம் விரிசலும் விட்டிருக்கிறது. வினிகரில் ஊறவைத்துத் துருவை எடுத்து, பஃபிங் செய்து, புதிதாக நீலப்பூச்சு கொடுத்து, கட்டைக்கு வார்னிஷ் அடித்தால் கடையில் வாங்கியது போல் ஆகிவிடும் என்கிறார் நண்பர். இதை வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: வீட்டில் செய்யக்கூடிய வேலை இதில் நிறையவே இருக்கிறது, ஆனால் உங்கள் நண்பர் சொன்ன நான்கில் ஒன்றுகூட அதில் சேராது. அதற்கும் முன்னால், துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்தாக வேண்டும். லீவர் பாதியில் நிற்பதற்குத் துருவும் காரணமாக இருக்கலாம், உள்ளே சிக்கிய தோட்டாவும் காரணமாக இருக்கலாம். நூறாண்டு பழைய தோட்டாதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. ஈரம் படாமல் இருந்தால் அது இன்றும் வெடிக்கும்.

மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலின் வாய் வழியாக அது நிற்கும் வரை மெதுவாகச் செலுத்தி, வாயருகே குச்சியில் ஓர் அடையாளம் இட்டு வெளியே எடுத்து, குழலின் வெளிப்புறத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புத் தண்டின் முகம் வரை குச்சி எட்டியிருந்தால் தோட்டா அறை காலி. ஏறத்தாழ இரண்டரை அங்குலம் முன்னதாகவே நின்றிருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். அது குளவிக் கூடாகவே இருந்தாலும் தோட்டா என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழல் காலியாக இருப்பதால் மட்டும் நிம்மதி கொள்ள முடியாது. குழலுக்கு அடியில் ஓடும் நீண்ட குழாயில்தான் இந்த ரகத் துப்பாக்கி தோட்டாக்களை வரிசையாக வைத்துக்கொள்ளும். உள்ளிருக்கும் சுருள்வில் துருப்பிடித்து இறுகியிருந்தால், லீவரை எத்தனை முறை அசைத்தாலும் வெளியே வராத தோட்டாக்கள் அங்கே தங்கியிருக்கும். சந்தேகம் சிறிதளவு இருந்தாலும் சுத்தியலால் தட்டாதீர்கள், சூடும் காட்டாதீர்கள்; துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலரிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துக் காலி செய்து வாங்குங்கள்.

இனி வினிகருக்கு வருவோம். களிம்பேறிய பித்தளையைக் கண்டதும் புளியைத் தேடுவது நம் கையோடு பிறந்த பழக்கம். கார்த்திகைக்கு முந்தைய நாள் விளக்குகள் அப்படித்தான் பளபளத்தன; அதில் குற்றமில்லை. துப்பாக்கியின் நீலப்பூச்சோ, பெயர்தான் பூச்சு, மேலே தடவிய வண்ணம் அன்று. இரும்பின் புறத்தோலையே வேண்டுமென்று மாற்றி உண்டாக்கிய கருநிற இரும்பு ஆக்சைடு அது. செந்துருவும் இரும்பு ஆக்சைடுதான். அமிலத்துக்கு இரண்டும் ஒன்றே என்பதால், துருவைத் தின்னும் வினிகர், துருவுக்கு நடுவே தப்பிப் பிழைத்திருக்கும் பழைய நீலத்தையும் சேர்த்தே தின்றுவிடும். கடையில் விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கலவைகளும் இதையே செய்யும். பஃபிங் சக்கரம் அதைவிடக் கொடியது. எட்டுப் பட்டைக் குழலின் கூரிய விளிம்புகளை மழுக்கும், திருகாணித் துளைகளைச் சுற்றிப் பள்ளம் பறிக்கும், பொறித்த எழுத்துகளைத் தேய்த்துவிடும். இவ்வளவும் நடந்தபின் புதிய நீலப்பூச்சு கொடுத்தால், மொழுமொழுவென்று பளபளக்கும் ஒரு பொருள் கிடைக்கும். சேகரிப்பாளர் அதைத் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டு விலையைக் குறைப்பார்.

மாற்று வழி மெதுவானது. முதலில் திருகாணிகள். பழைய வின்செஸ்டர்களில் திருகாணித் தலையின் வெட்டு மிகக் குறுகலானது. வீட்டுத் திருப்புளியின் முனை ஆப்பு வடிவில் இருப்பதால், வெட்டின் மேல்விளிம்பை மட்டும் பிடித்துச் சிதைத்துவிடும். முனையின் இரு பக்கமும் இணையாகச் சாணை பிடித்து வெட்டை முழுதும் நிரப்பும் திருப்புளிகள் துப்பாக்கி வேலைக்கென்றே விற்கின்றன. இந்த வேலையில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். ஊடுருவும் எண்ணெயை நாளுக்கொரு சொட்டாக ஒரு வாரம் விட்டுக் காத்திருங்கள். கழற்றும் ஒவ்வொரு திருகாணியும் எங்கிருந்து வந்தது என்பதை ஓர் அட்டையில் படம் வரைந்து, அதே இடத்தில் குத்தி வையுங்கள்.

துருவுக்கு இரண்டு நிலைகள். மேலோட்டமானதை மெல்லிய எண்ணெயில் ஊறவைத்து, நான்கு சுழி (0000) எண் கொண்ட மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் அழுத்தாமல் தேய்த்து எடுக்கலாம். கட்டியாக எழுந்து நிற்கும் துருவுக்கு, 1981 வரை அச்சான அமெரிக்க ஒரு சென்ட் காசின் விளிம்பு (1943-ன் எஃகுக் காசு மட்டும் வேண்டாம்) அருமையான கருவி. அதில் 95 சதவீதம் செம்பு. எஃகைவிட மென்மையானது என்பதால் துருவைப் பெயர்க்கும், இரும்பைக் கீறாது.

அதற்கு மேலும் செந்துரு எஞ்சினால் கொதிக்க வைப்பதே நான் பரிந்துரைக்கும் முறை. கட்டையை நீக்கிய இரும்புப் பாகங்களை அசிட்டோனால் எண்ணெய்ப் பசை அறத் துடைத்து, அது முற்றிலும் ஆவியான பின், காய்ச்சி வடித்த நீரில் அரைமணி நேரம் கொதிக்க விட்டால், இரும்பைத் தொடர்ந்து அரித்துக்கொண்டிருந்த செந்துரு கருநிற ஆக்சைடாக மாறிவிடும். மேலே கரிபோல் நிற்பதை எண்ணெய்ப் பசையற்ற எஃகுப் பஞ்சால் வருடி எடுத்துவிட்டு மறுபடியும் கொதிக்க வைக்கலாம். செம்மை தோன்றாமல் போகும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். குழாய் நீர் வேண்டாம். அதிலுள்ள உப்புகள் திட்டுத் திட்டாகப் படியும். கொதிநீரின் வெப்பம் எஃகின் பதத்தைக் கெடுக்குமோ என்ற பயம் தேவையில்லை. 100 டிகிரி செல்சியஸ் அதற்குப் போதாது. குழல் நீளமானது என்பதால் அதற்கேற்ற நீண்ட தகரத் தொட்டி ஒன்று வேண்டியிருக்கும். இந்த முறையால் துரு தின்ற குழிகள் நிரம்பிவிடாது. அவை இருக்கட்டும், அரிப்பு நின்றால் போதும்.

கட்டை அமெரிக்க வால்நட் மரம். தலைமுறை தலைமுறையாக விட்ட எண்ணெய் வழிந்து, இரும்பை ஒட்டிய பகுதியில் மரத்துக்குள்ளேயே இறங்கி அதை நைந்துபோகச் செய்திருக்கும். வெள்ளைச் சுண்ணத்தூளை அசிட்டோனில் குழைத்துத் திறந்த வெளியில் பத்துப்போல் அப்பி உலரவிட்டால், தூள் எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாகும். தட்டிவிட்டு மறுபடி அப்ப வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. விரிசலை ஒட்டுவது இதற்குப் பிறகுதான், ஏனெனில் எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் நிற்காது. அமுங்கிய பள்ளங்களில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஆவி காட்டினால் மரம் ஓரளவு எழும்பும். உப்புத்தாளை மட்டும் எடுக்காதீர்கள். தொழிற்சாலையில் இந்த மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்குமாறு பொருத்தப்பட்டது. தேய்த்தால் அது இரும்புக்குக் கீழே இறங்கிவிடும், இறங்கியதை மறுபடி ஏற்ற வழியில்லை. வார்னிஷுக்குப் பதில், கொதிக்கவைத்தது என்ற பெயரில் விற்கும் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாகத் தடவுங்கள். அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பற்றும் என்பதால், வெளியே விரித்து உலர்த்துங்கள்.

குழலின் உட்புறத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 38-55 கருமருந்துக் காலத்துத் தோட்டா. அதன் கரியும், அக்காலத்துத் தோட்டாக்களின் அடியிலிருந்த தீமூட்டி விட்டுச்சென்ற உப்பும் ஈரத்தை இழுத்து இரும்பை அரித்தவை. உப்பைக் கரைப்பது எண்ணெயன்று, வெந்நீர். வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் விடுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2014 நவம்பரில் நெவாடா மாநிலத்தின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைத்தபடியே வின்செஸ்டர் 1873 ரகத் துப்பாக்கி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. வரிசை எண்ணை வைத்துப் பார்த்தபோது அது 1882-ல் செய்யப்பட்டது என்று தெரிந்தது. கட்டை வெளிறி வெடித்து, அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. வயோமிங் மாநிலம் கோடி நகரத்துத் துப்பாக்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பி எக்ஸ்-ரே எடுத்தபோது, கட்டையின் உள்ளறையில் ஒரு தோட்டா ஒளிந்திருந்தது. அங்கிருந்த வல்லுநர்கள் நினைத்திருந்தால் அதைப் புதுக்கருக்கு மாறாததுபோல் ஆக்கியிருக்கலாம். அவர்களோ உதிரும் மரத்தை உறுதிப்படுத்தி, மேலும் சிதையாமல் காப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். யாரோ மரத்தில் சாய்த்துவிட்டுத் திரும்பி வராத கதை அந்த வெளிறிய மரத்தில்தானே இருக்கிறது. முன்பே யாரோ பஃபிங் செய்து கெடுத்துவிட்ட துப்பாக்கி என்றால் முழுச் சீரமைப்புக்கு நானே சம்மதிப்பேன். உங்களுடையது இன்னும் யார் கையும் படாதது.

கேள்வி: எச்-1பி விசாவில் டெக்சாஸில் இருக்கிறேன். இத்தகைய பழைய துப்பாக்கியை நான் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: குடியேறாதோர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது, ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் 1898-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டவற்றைத் தொன்மையானவை என்று வகுத்து, துப்பாக்கி என்ற சொல்லின் வரையறையிலிருந்தே விலக்கியிருக்கிறது. ஆனால் அந்த விலக்கு துப்பாக்கிக்குத்தான். அதற்காக நீங்கள் வாங்கும் தோட்டாவுக்கு அது கவசமாகாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதாலும், தவறினால் விசாவே கைவிட்டுப் போகும் என்பதாலும், கையில் வாங்குவதற்கு முன்பே வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: துப்பாக்கி 1898 வரை செய்யப்பட்டதா, அதற்குப் பிந்தியதா என்பதை எப்படி அறிவது?

பதில்: வின்செஸ்டர் 1894-ல் வரிசை எண், லீவரும் விசையும் பொருந்தியிருக்கும் நடு இரும்புக் கூட்டின் (ரிசீவர்) அடிப்புறம், முன்பக்கமாக இருக்கும். பரவலாக அச்சில் உலவும் பட்டியல்களும் தொழிற்சாலைப் பதிவேடுகளும் எல்லா ஆண்டுகளுக்கும் ஒத்துப்போவதில்லை. எல்லைக்கோட்டை ஒட்டிய எண் என்றால், மேலே சொன்ன கோடி அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள். வின்செஸ்டரின் நியூ ஹேவன் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் அங்கேதான் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் அந்தப் பதிவில் உள்ளதைக் கடிதமாகத் தருவார்கள். வரிசை எண் துருவில் மறைந்திருந்தால் கம்பித் தூரிகையால் உரசாதீர்கள்; எண்ணெயில் நனைத்த பஞ்சை இரண்டு நாள் அதன் மேல் வைத்திருந்துவிட்டு, கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள்.